மாணவர் எண் பதினொன்று

1978-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தென்காசித் தாலுகா மதுவிலக்கு நல்வழிக் குழுவின் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவர் ராமசேஷன், ஓய்வுபெற்ற தாசில்தார்; தொண்டர் படைத் தளபதி உச்சிமாகாளி, பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர்; ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் நீலா; குழு உறுப்பினர் பால்வண்ணநாதன், சார்பதிவாளர் ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர்; கையில் கம்போடு வாசலில் நின்ற தொண்டர்கள் ஆறு பேர்; தேநீர் கொண்டுவந்த பரீது, அவர் உறுப்பினர் அல்லர். வடகரைக்காரர்கள் நான்கு பேர் வரவில்லை. முந்திய வியாழக்கிழமை அவர்கள் சாராயம் என்று நம்பி வார்னிஷுக்குக் கலக்கும் ஸ்பிரிட்டைக் குடித்து இறந்துபோனார்கள். அவர்களைப் பற்றிப் பேசத்தான் கூட்டம்.

பால்வண்ணநாதனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் குடும்பத்துக்குக் கோயிலில் பரிவட்டம் உண்டு. தேர் அன்று தலையில் பட்டுக் கட்டிக்கொண்டு அவர் நடந்தால், எதிரே வருகிறவன் தானாகத் துண்டை இடுப்புக்கு இறக்குவான். ஆறு தலைமுறையாக அந்த வீட்டில் ஒருவரும் குடித்ததில்லை. ஏழாவது தலைமுறையில் அவரும் குடிக்கவில்லை. அவருடைய தம்பி தாணு குடித்தான். அது ஊருக்குத் தெரியாது என்பது பால்வண்ணநாதனின் எண்ணம். ஊரும் அவர் முகத்துக்காகத் தெரியாத மாதிரியே நடந்துகொண்டது. குழுவில் உறுப்பினர் உள்ள வீட்டைப் பார்த்து யாரும் விரல் நீட்ட மாட்டார்கள் என்றுதான் அவர் குழுவில் சேர்ந்தார். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. மானமுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

டாக்டர் நீலா ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தார். துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு, தோப்பு தோப்பாகக் கொடுக்க வேண்டும் என்றார். நான்கே வாக்கியம். குடிக்காதீர்கள். குடித்தே தீருவீர்கள் என்றால், தனியாகக் குடிக்காதீர்கள், எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கைத் தொடாதீர்கள். குடித்தவருக்கு அன்றோ மறுநாளோ கண் மங்கினால், வயிறு வலித்தால், தூங்கினால் சரியாகும் என்று படுக்கப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். ஆஸ்பத்திரியில் உங்களை யாரும் அடிக்க மாட்டார்கள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்பு மசிப் பேனாவைத் திறந்தார்.

“குடிக்காதீர்கள் என்கிறீர்கள். யாரை? எழுபத்துநாலாம் வருஷத்திலிருந்து இந்தத் தாலுகாவில் குடிப்பவர் ஒருவருமில்லை என்று மாதா மாதம் மேலே அறிக்கை அனுப்புகிறேன். இப்போது குடிக்காதீர்கள் என்று அச்சடித்தால், அப்ப யாரோ குடிக்கிறான் என்று ஆகாதா? ராமசேஷன் பொய் சொன்னான் என்று ஆகாதா?”

முதல் வாக்கியம் போயிற்று.

“தனியாகக் குடிக்காதீர்கள் என்றால் கூட்டமாகக் கூடு என்று அர்த்தம். ஐந்து பேருக்கு மேல் கூடினால் அது வேறு சட்டம்.”

இரண்டாவது போயிற்று.

“கண் மங்கினால் ஆஸ்பத்திரிக்கு வா. அம்மா, நீங்கள் சின்னப் பிள்ளை. குடிகாரனுக்குக் கண் போவது குழுவின் வேலை குழு செய்யாமலே நடக்கிற மாதிரி. அதை ஏன் தடுக்க வேண்டும்?”

மூன்றாவதும் போயிற்று. நான்காவதற்குத் தலைவர் பேனாவை வைக்குமுன் உச்சிமாகாளி எழுந்துவிட்டார்.

“யாரும் அடிக்க மாட்டாங்களா? அப்ப எங்க படை எதுக்கு? ஆறு பேருக்குக் கம்பு வெட்டிக் கொடுத்து, எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். அந்தப் பிள்ளைகளை நான் எந்த மூஞ்சியோட பாப்பேன்?”

நான்காவது வாக்கியமும் அடிபட்டது. பிரசுரத்தில் குழுவின் பெயரும் ‘வணக்கம்’ என்ற சொல்லும் மிஞ்சின. நடுவில் நிறைய இடம் இருந்ததால் தலைவரின் படத்தைப் போடுவதாக முடிவாயிற்று.

அடுத்த தீர்மானம் ஆஸ்பத்திரியில் இருந்த சுத்த ஆல்கஹால் பற்றியது. இரண்டு பெரிய புட்டிகள் இருந்தன. மதுவிலக்குத் தாலுகாவில் அவை இருப்பது அவமானம், பொதுமக்கள் முன்னிலையில் குற்றாலத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று உச்சிமாகாளி முன்மொழிந்தார்.

நீலா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “அது மருந்து ஐயா! வார்னிஷ் குடிச்சவனுக்கு நல்ல ஆல்கஹாலை அளந்து கொடுத்தாத்தான் அந்த விஷம் உடம்புல வேலை செய்யாம நிக்கும். வேற மருந்து என்கிட்ட கிடையாது.”

தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “கேட்டீரா வே பால்வண்ணம்? குடிச்சுச் சாகிறவனுக்குக் குடிதான் மருந்தாம். இந்தக் காலத்து வைத்தியம்!”

பால்வண்ணநாதனும் சிரித்தார். சிரித்துவிட்டுத் தீர்மானத்தை வழிமொழிந்தார். கையெழுத்தைத் தன் வழக்கப்படி முழுப் பெயராக, தகப்பனார் பெயரோடு, கோடு தாண்டாமல் போட்டார்.

தலைவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நெஞ்சு படபடப்புக்கு நாளொன்றுக்கு இரண்டு அவுன்ஸ் பிராந்தி தேவை என்று வெளியூர் டாக்டர் ஒருவர் சான்று கொடுத்து, அரசாங்கம் அவருக்குப் பெர்மிட் வழங்கியிருந்தது. பெர்மிட்டும் புட்டியும் பிரியக் கூடாது என்பதால் இரண்டையும் ஒரே தோல்பையில் வைத்து, போகிற இடமெல்லாம் கொண்டுபோனார். கூட்டம் முடிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி மருந்து சாப்பிட்டார். “பெர்மிட் இல்லாமக் குடிச்சா குடிகாரன். பெர்மிட்டோட குடிச்சா நோயாளி. வித்தியாசம் தெரிஞ்சுக்கணும்” என்று பரீதிடம் சொன்னார்.

“தெரியுது ஐயா. வாசம்தான் ஒண்ணா இருக்கு” என்றார் பரீது. அதற்காக வாசலில் நின்ற தொண்டர் ஒருவர் அவரை ஓர் அடி அடித்தார். தேநீர்த் தம்ளர் இரண்டு உடைந்தன.

மறுநாள் ஆல்கஹால் புட்டிகள் மேளதாளத்தோடு குற்றாலம் போய், பேரருவிக்கு மேலே ஒரு பாறையிலிருந்து கொட்டப்பட்டன. கீழே நின்றவர்கள் அன்று வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் குளித்தார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அந்த வாரமே மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. வடகரைச் சாவுகளை முன்னிட்டு, ஒவ்வொரு குழுவும் குடிப்பழக்கம் உள்ளவர்கள் இருபது பேருக்குப் பாதுகாப்புக் கல்வி அளித்து, பெயர்ப் பட்டியலை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

தலைவர் தாளை மூன்று முறை வாசித்தார். தாலுகாவில் குடிகாரர்களே இல்லை என்பது அவர் அறிக்கை. இருபது குடிகாரர்கள் வேண்டும் என்பது மேலிடத்து ஆணை. இரண்டும் அரசாங்கக் காகிதம். எதையும் மீற முடியாது. கடைசியில், இதுவரை இல்லாத குடிகாரர்கள் இருபது பேரை மட்டும், பாடம் நடத்தும் அளவுக்கு, புதிதாக உண்டாக்கிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

தமுக்கு அடித்தார்கள். குடிகாரர்கள் அனைவரும் தாமாக முன்வந்து மண்டபத்தில் ஆஜராக வேண்டும், வந்தவுடன் தண்டிக்கப்படுவார்கள் என்று சொன்னார்கள். ஒருவரும் வரவில்லை. தாகமெடுத்தவர்கள் செங்கோட்டை பஸ்ஸைப் பிடித்து, மதுவிலக்கு இல்லாத கேரளத்து ஆரியங்காவுக்குப் போய், அங்கே கடையில் கால்மேல் கால் போட்டுக் குடித்துவிட்டு, பாட்டோடு திரும்பினார்கள். பஸ்ஸுக்கு வழியில்லாதவர்கள் தோப்புச் சரக்கையே குடித்தார்கள்.

“அடிக்கோம்னு சொல்லிக் கூப்பிட்டா எவன் அண்ணாச்சி வருவான்?” என்று பரீது பால்வண்ணநாதனிடம் கேட்டார். இந்த முறை வாசலில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

தளபதி உச்சிமாகாளி ஒரு சோதனை முறையை வகுத்தார். குடிகாரனுக்கு மூன்று அடையாளம். கண் சிவந்திருக்கும். நடை தள்ளும். பேச்சு குழறும். இந்த மூன்றும் உள்ளவனைப் பிடித்தால் தவறவே முடியாது. குழு அதை ஏற்றுக்கொண்டது. வழிமொழிந்தவர் பால்வண்ணநாதன்.

சோதனை நடத்தத் தளபதி தேர்ந்தெடுத்த இடம் குற்றாலம். நாள், சனிக்கிழமை.

சாரல் நேரத்துச் சனிக்கிழமையில் குற்றாலம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடம்பு முழுக்க நல்லெண்ணெய் வழிய, மசாஜ்காரனிடம் முதுகைக் கொடுத்துவிட்டு, பேரருவியின் கீழே அரைமணி நேரம் தலையைக் கொடுத்து நின்று வெளியே வருகிறவனுக்குக் கண் கோவைப்பழமாக இருக்கும். தண்ணீர் விழுந்த வேகத்தில் தலை கிறங்கி நடை தள்ளும். குளிரில் பல் அடித்துக்கொண்டு பேச்சு குழறும். அன்று அருவிக்கரையில் இருந்த ஆண்களில் மூன்று அடையாளமும் இல்லாதவர்கள் தொண்டர்கள் மட்டுமே. அவர்கள் இன்னும் குளிக்கவில்லை.

அரைமணியில் எழுபது பேர் அகப்பட்டார்கள். இருபது போதும் என்பதால், அடி தாங்குகிறவர்களாகப் பொறுக்கினார்கள். ராயகிரியிலிருந்து வந்த விவசாயி ஒருவருக்கு முன்பல் போயிற்று. ஆய்க்குடிப் புதுமாப்பிள்ளை ஒருவர் மாமனார் கண்ணெதிரில் பாறையில் இழுபட்டார். மாமனாரும் கண் சிவந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை. குடிப்பேன் என்று ஒப்புக்கொள்ளாதவனை ஒப்புக்கொள்ளும் வரை அடித்தார்கள். முதல் அடியிலேயே ஒப்புக்கொண்டவன் போதையில் உளறுகிறான் என்று, தெளிவதற்காக அடித்தார்கள்.

பால்வண்ணநாதன் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நாற்பது வருஷமாக விட்டதில்லை. அன்றும் விடவில்லை. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் அருவியை விட்டு வெளியே வந்தபோது இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். எண்ணெய் வழுக்கியதால் பிடி நிற்கவில்லை. முடியைப் பிடித்தார்கள்.

“ஏலே! நான் யாருன்னு தெரியுமாலே? குழு உறுப்பினர்லே நான்!”

“எல்லாவனும் அதைத்தான் சொல்லுதான்” என்று ஒருவன் கம்பை ஓங்கினான். முதல் அடி எண்ணெயில் வழுக்கி இடுப்பில் இறங்கியது. இரண்டாவது அடி வழுக்கவில்லை. அவர் விழுந்தார். பரிவட்டம் கட்டும் தலை ஈரப்பாறையில் மோதியது.

உச்சிமாகாளி ஓடிவந்தார். “அண்ணாச்சி! நீங்களா?” என்று பதறிக் கைகொடுத்துத் தூக்கினார். தூக்கிவிட்டு முகத்தைப் பார்த்தார். கையை மெல்ல விட்டுவிட்டார். “கண்ணு செவந்திருக்கே அண்ணாச்சி.”

“எண்ணெய் வே! எண்ணெய்! உமக்கு மூளை இருக்கா?”

“பேச்சும் குழறுது” என்று உச்சிமாகாளி வருத்தத்தோடு சொன்னார். “நான் என்ன செய்ய? சட்டத்தைக் குழுதான் போட்டது. நீங்கதான் வழிமொழிஞ்சீங்க.”

அவர் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டினார்கள். பெயர், தகப்பனார் பெயர், மாணவர் எண் பதினொன்று.

வகுப்பு மண்டபத்தில் நடந்தது. மாணவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். உட்கார முடியாதவர்கள் கிடந்தார்கள். வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். வலது கை ஒடிந்திருந்த மூன்று பேர் உயர்த்தாததால் அடக்கமின்மைக்காக அடிபட்டார்கள். பிறகு தலைவர் பேசினார்.

“சகோதரர்களே, குடி குடும்பத்தை அழிக்கும். மனைவியை அடிக்கச் சொல்லும். பிள்ளையை அடிக்கச் சொல்லும். காரணமே இல்லாமல் எதிரே வருகிறவனைக் கம்பால் அடிக்கச் சொல்லும். அப்படிப்பட்ட மிருகங்களாக நீங்கள் ஆகிவிடக் கூடாதே என்றுதான் எங்கள் தொண்டர்கள் இரவு பகலாகக் கம்போடு நிற்கிறார்கள். நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சாகாதீர்கள். குடியே இல்லாத தாலுகாவுக்கு இந்த மாதம் கேடயம் கொடுக்கிறார்கள்; அதுவரை யாரும் சாகக் கூடாது. செத்தால் கேடயம் நமக்குக் கிடைக்காது.”

அங்கே ஒருமுறை நெஞ்சு படபடத்து, பையைத் திறந்து மருந்து சாப்பிட்டார். தொண்டர்கள் கைதட்டினார்கள்.

அதன் பிறகுதான் டாக்டர் நீலாவை உள்ளே விட்டார்கள். பேச அவருக்கு அனுமதி கிடையாது, கட்டுப்போட மட்டுமே அனுமதி. அவர் ஒவ்வொருவராகக் குனிந்து கட்டுப்போட்டார். குனியும்போதெல்லாம் உதடு அசைந்தது. அடித்துப்போட்ட அந்த நான்கு வாக்கியங்களையும் இருபது காதுகளில் இருபது தடவை சொன்னார். அந்தத் தாலுகாவில் நடந்த ஒரே கல்வி அதுதான்.

பதினோராவது மாணவரிடம் வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எனக்கு எதுக்கும்மா இது? எங்க வீட்ல யாரும் குடிக்கது கிடையாது.”

“தெரியும் ஐயா” என்றார் நீலா. அவருக்குத் தாணுவைத் தெரியும். “சும்மா கேட்டு வச்சுக்கிடுங்க. கண் மங்குதுன்னு சொன்னா, தூங்க விட்டுராதீங்க. உடனே கொண்டாந்திருங்க.”

பால்வண்ணநாதன் மறுநாளே தலைவரிடம் போய்ப் பெயரை அடிக்கச் சொன்னார். தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “உம்மை அடிச்சா பத்தொம்பதா ஆயிரும் வே. அறிக்கையில இருபதுன்னு போட்டாச்சு. இந்த வருஷம் பொறுத்துக்கிடும். அடுத்த வருஷம் வேற ஆள் கிடைச்சா மாத்திருவோம்.” பிறகு ஆறுதலாகச் சொன்னார்: “அந்த அட்டையைத் தொலைச்சிராதீரும். அது வச்சிருக்கவன் பாடம் படிச்சவன். ஆஸ்பத்திரி வாசல்ல அவனை மறுபடி அடிக்க மாட்டாங்க.”

ஆஸ்பத்திரி வாசலில் தொண்டர்கள் நின்றதற்கும் காரணம் இருந்தது. ‘ஆஸ்பத்திரியில் யாரும் அடிக்க மாட்டார்கள்’ என்ற வாக்கியத்தைக் குழு நீக்கியிருந்தது அல்லவா? நீக்கியபடி நடக்க வேண்டும் அல்லவா?

வீட்டுக்கு வந்த பால்வண்ணநாதன் அட்டையைக் கிழிக்கப் போனார். அதில் தகப்பனார் பெயர் இருந்தது. கிழிக்க மனம் வரவில்லை. பெட்டியடியில் போட்டுப் பூட்டினார்.

அருவிச் சோதனைக்குப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. வெயில் முற்றத்தில் கண்ணாடி போல அடித்துக்கொண்டிருந்தது. பால்வண்ணநாதன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். தாணுவின் மனைவி சொக்கம்மாள் அந்த வீட்டுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. கணவனின் அண்ணனோடு ஒருநாளும் நேருக்கு நேர் பேசியதில்லை. எதையும் கதவுக்குப் பின்னால் நின்று காற்றோடுதான் சொல்லுவாள். அன்று கதவைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

“அத்தான், இங்கன வாங்களேன். அவுக விளக்கைப் போடச் சொல்லுதாக.”

பால்வண்ணநாதன் முற்றத்து வெயிலைப் பார்த்தார். பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார்.

உள்ளே தாணு கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கொஞ்சம் தூங்குனா சரியாயிரும். ஒரே மூட்டமா இருக்கு, மழை வருதோ?”

“என்னலே குடிச்ச? எப்பலே குடிச்ச?”

“நேத்து சாயந்திரம். தோப்புல. எப்பவும் குடிக்கதுதான்.” அவன் அண்ணன் நின்ற பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான்.

சொக்கம்மாள் ஜன்னலைச் சாத்தப் போனாள். ஊர் பார்க்கக் கூடாது என்பதற்காக அந்த வீட்டில் அப்படித்தான் வழக்கம். தாணு குடித்துவிட்டு வந்தால் ஜன்னலைச் சாத்தி, போர்த்திப் படுக்க வைத்து, காய்ச்சல் என்று சொல்லிவிடுவார்கள். வழக்கத்தை உண்டாக்கியவர் பால்வண்ணநாதன்தான்.

“சாத்தாதே. திற” என்றார் அவர். “எல்லாத்தையும் திற. வண்டியைக் கூப்பிடு.”

பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துத் தம்பியின் கழுத்தில் மாட்டினார். கோயில் மொட்டைக் கோபுரத்துக்கு முன்னால், கடைத்தெரு முழுக்கப் பார்க்க, குதிரை வண்டியில் சொக்கம்மாளையும் ஏற்றிக்கொண்டு, தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். துண்டை யாரும் இறக்கவில்லை. யார் இறக்கினார்கள் என்று அவர் பார்க்கவும் இல்லை. வழியெல்லாம் தாணுவின் கன்னத்தில் அறைந்துகொண்டே போனார். “தூங்காதே, தூங்காதே” என்று ஒவ்வொரு அறைக்கும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் உச்சிமாகாளி இருந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பால்வண்ணநாதன்னு போட்டிருக்கே. இது தாணுல்லா?”

“அட்டையில படம் இருக்கா வே?”

“இல்ல.”

“பேரு இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப விடும்.”

உச்சிமாகாளி யோசித்தார். சட்டம் அண்ணாச்சி பக்கம் இருந்தது. தாணுவைச் சொக்கம்மாளோடு உள்ளே விட்டார். பின்னாலேயே நுழையப்போன பால்வண்ணநாதனின் நெஞ்சில் கம்பைக் குறுக்கே வைத்தார்.

“உங்க அட்டை எங்க அண்ணாச்சி?”

“உள்ள போச்சுல்லா!”

“அட்டை இல்லாம, கண்ணு செவந்து, ஆஸ்பத்திரிக்கு வாரீங்க” என்று உச்சிமாகாளி மனம் நொந்து சொன்னார். “நான் என்ன செய்ய?”

இரண்டு தொண்டர்கள் அவரை அடித்தார்கள். முழங்காலில் ஒன்று, முதுகில் நான்கு. அவர் கை ஓங்கவில்லை. அடித்து முடிக்கட்டும், முடித்தால் விடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு நின்றார். முடித்தார்கள், விட்டார்கள். நொண்டிக்கொண்டு உள்ளே போனார்.

ஆறாம் படுக்கையில் தாணு கிடந்தான். நீலா அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க ஐயா. ஆனா மருந்து இல்ல. ரெண்டு புட்டியும்... திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பியிருக்கேன். சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் தாங்காது. நல்ல பிராந்தி கிடைச்சாலும் போதும். இப்பவே வேணும்.”

மருந்தைக் கொட்டச் சொல்லிக் கோடு தாண்டாமல் கையெழுத்துப் போட்ட விரல்களைப் பால்வண்ணநாதன் பார்த்தார். வெளியே முற்றத்திலிருந்து மைக் சத்தம் கேட்டது. அன்று தலைவர், குடியே இல்லாத தாலுகா என்பதற்காகக் குழுவுக்குக் கிடைத்த கேடயத்தை நோயாளிகளுக்குக் காட்ட வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் தோல்பை இருந்தது.

பால்வண்ணநாதன் அவர் முன்னால் போய் நின்று கைகூப்பினார். அவர் வாழ்க்கையில் கோயிலுக்கு வெளியே கைகூப்பியது அதுதான் முதல் தடவை.

“என் தம்பி சாகக் கிடக்கான். குடிச்சிட்டான்” என்றார். மைக் அதை ஆஸ்பத்திரி முழுக்கச் சொன்னது. “உங்க மருந்துல கொஞ்சம் கொடுங்க. உங்க கால்ல விழுதேன்.”

தலைவர் பையை மடிக்கு எடுத்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே நீர் கோத்தது.

“பால்வண்ணம், உம்ம தம்பி எனக்கும் தம்பிதான். ஆனால் பெர்மிட் என் பெயரில் இருக்கிறது. இதில் ஒரு சொட்டு இன்னொருத்தன் வாயில் போனால் அது சாராயம். நான் குற்றவாளி. என் பென்ஷன் என்ன ஆகும்? நாலு பேர் செத்தபோதே நான் மனம் தளரவில்லை. ஓர் உயிருக்காகச் சட்டத்தை விட்டால் இத்தனை நாள் சட்டத்துக்காகச் செத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?” என்று சொல்லிவிட்டு, மனம் கலங்கியதால் நெஞ்சு படபடக்க, புட்டியைத் திறந்தார்.

பால்வண்ணநாதன் கூப்பிய கையை இறக்கினார். மேஜைமேல் கேடயம் இருந்தது. தேக்குப் பலகையில் பித்தளை பதித்தது, நல்ல கனம். அதை இரண்டு கையாலும் எடுத்து, தலைவரின் வாயில், புட்டி வாயை எட்டுவதற்குள், அடித்தார்.

பல் இரண்டு மைக்கில் பட்டுத் தெறித்த சத்தம் பிரசவ வார்டு வரை கேட்டது. தலைவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். பெர்மிட் காற்றில் பறந்து போயிற்று. பால்வண்ணநாதன் புட்டியைப் பிடுங்கி, பெருவிரலால் வாயை அடைத்துக்கொண்டு, முழங்கால் மடங்காமல் ஓடினார். பின்னாலேயே ஆறு தொண்டர்களும் ஓடிவந்தார்கள். வார்டு வாசல் வரை முதுகில் கம்பு விழுந்தது. விலா எலும்பு ஒடிந்த சத்தம் அவருக்கே கேட்டது. ஆனால் புட்டியை நீலாவின் கையில் நட்டுக்குத்தலாகக் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தார்.

நீலா அளந்து தண்ணீரில் கலந்தார். சொக்கம்மாள் தலையைத் தாங்கிப் பிடித்தாள். தாணு விழுங்கினான். ஒரு நிமிஷம் நாக்கைச் சப்பினான்.

“அண்ணாச்சி, இது நல்ல சரக்கு.”

“வாயை மூடுலே” என்று தரையிலிருந்து சொன்னார் பால்வண்ணநாதன்.

சாயங்காலம் திருநெல்வேலி மருந்து வரும் வரை நீலா மணிக்கணக்குப் பார்த்து அளந்து கொடுத்தார். தாணு பிழைத்தான். இடது கண் போயிற்று. வலது கண்ணில் பாதி திரும்பியது.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டின்படி ஆறாம் படுக்கையில் இருந்தவர் பால்வண்ணநாதன், மாணவர் எண் பதினொன்று, குடித்ததால் வந்த கேடு. ஏழாம் படுக்கையில் விலா ஒடிந்து கிடந்தவரிடம் பெயர் கேட்டார்கள்.

“அவனுக்கு அண்ணன்” என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அதைத் திருத்தச் சொல்லி அவர் பின்னால் மனுப் போடவில்லை. அடுத்த தேரில் பரிவட்டம் அவருக்கு வரவில்லை. அவர் வடத்தைப் பிடித்துக் கூட்டத்தோடு இழுத்தார். பக்கத்தில் தாணு, பாதிக் கண்ணோடு, அவர் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

குழு மறுபடி கூடியது. தலைவரை யாரும் அடிக்கவில்லை, பற்கள் பொதுத் தொண்டின் சிரமத்தால் தாமாக விழுந்தன என்று தீர்மானம் போட்டது. வழிமொழிய ஆள் இல்லாததால் பரீதை உறுப்பினராக்கிக் கேட்டார்கள். அவர், தமக்கு வாய் வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஊரில் மட்டும் ஒரு பேச்சு இன்றும் இருக்கிறது. அன்று ராமசேஷனின் பல்லை உடைத்தது குடிவெறியில் இருந்த தாணு என்றும், அண்ணன் குடும்ப மானத்துக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள். அது தவறு. தாணுவுக்கு அப்போது கண் தெரியவில்லை. அடித்தவர் பால்வண்ணநாதன். அவர் குடித்திருக்கவில்லை.